நகர்மன்றக் கூட்டத்தில் வாக்காளருக்கும் கேள்வி நேரம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நகராட்சி, மாநகராட்சி மன்றக் கூட்டங்களில் அந்தந்த ஊர் வாக்காளர்கள் தங்கள் கவுன்சிலரையும் மன்றத் தலைவரையும் நேரடியாகக் கேள்வி கேட்கவும், கேட்ட கேள்வியும் கிடைத்த பதிலும் கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் பதிவாகவும் விதிகளில் இடம் வேண்டும் என்று கோரி இக்கடிதத்தை எழுதுகிறேன். கிராமத்தில் ஓரளவேனும் இருக்கிற இந்த உரிமை நகரத்தில் இல்லை. அது இல்லை என்பதையே பெரும்பாலோர் அறியாமல் இருக்கிறார்கள் என்பது எனக்கு அதைவிட வருத்தமான செய்தியாகப் படுகிறது.

ஊராட்சியில் குடியிருக்கும் ஒருவர் தம் ஊராட்சித் தலைவர் முன்னால் எழுந்து நின்று, வந்த நிதி எவ்வளவு, செலவான தொகை எவ்வளவு, வீடு கட்டும் திட்டத்தின் பயனாளிகள் பட்டியலில் இந்தப் பெயர் ஏன் இருக்கிறது, அந்தப் பெயர் ஏன் விடுபட்டது என்று கேட்கலாம். குடியரசு நாள், உழைப்பாளர் நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் என்று நான்கு நாட்களில் நடந்து வந்த கிராம சபை, 2022 முதல் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22, உள்ளாட்சிகள் நாளான நவம்பர் 1 ஆகியவற்றையும் சேர்த்து ஆண்டுக்கு ஆறு முறை என்று ஆக்கப்பட்டது. அந்த வாக்காளரே பிழைப்பு தேடிப் பக்கத்து நகராட்சியில் குடியேறிச் சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், பாதாளச் சாக்கடைக் கட்டணம் எல்லாம் கட்டத் தொடங்கியபின், கேள்வி கேட்க அவருக்கு என்று ஒரு சபை இருப்பதில்லை. கட்டும் வரி கூடுகிறது, கேட்கும் இடம் மறைந்துவிடுகிறது.

இந்த வேறுபாட்டின் வேர் அரசமைப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. 1992 இல் நிறைவேறி 1993 இல் நடைமுறைக்கு வந்த 73 ஆவது திருத்தம், ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவரையும் உறுப்பினராகக் கொண்ட கிராம சபையை 243 ஆவது பிரிவிலேயே வரையறுத்தது. அதாவது வாக்காளராக இருப்பதே சபை உறுப்பினராக இருப்பதற்குப் போதும்; யாரும் நியமிக்க வேண்டியதில்லை, யாரும் நீக்கவும் முடியாது. அதனுடன் பிறந்த 74 ஆவது திருத்தம் நகரங்களுக்கு அப்படி ஒரு சபையைத் தரவில்லை. 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வார்டு குழுக்கள் அமைய வேண்டும் என்று 243-எஸ் பிரிவில் சொல்லி, அவற்றில் யார் இருப்பது, எப்படி இடம் நிரப்புவது என்பதை மாநிலங்களிடம் விட்டுவிட்டது. நகரவாசி வாக்களிப்பதோடு அவருடைய பங்கு முடிந்தது என்று கருதினார்களோ என்னவோ, அந்த விடுபடலின் விளைவை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அனுபவித்து வருகிறோம்.

கிராம சபை குறையில்லாதது என்று நான் சொல்ல வரவில்லை. 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் என்று, கூட்டம் செல்லக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்ற குறைவெண் வரம்பு விதிக்கப்பட்டிருக்கிறது. அந்த எண்ணிக்கையை எட்டுவதற்காக வேலைத் திட்டப் பணித்தளத்திலிருந்தே ஆட்களை அழைத்து வந்து கையெழுத்து வாங்கிக்கொள்வதும், தீர்மானங்களைப் பிறகு எழுதிச் சேர்ப்பதும் பல ஊர்களில் சொல்லப்படும் புகார்கள். கேள்வி கேட்பவர் எந்தத் தெருவைச் சேர்ந்தவர் என்பதைப் பொறுத்து மரியாதை மாறுவதும் உண்டு. 2023 அக்டோபர் 2 அன்று விருதுநகர் மாவட்டம் திருவில்லிபுத்தூர் அருகே பிள்ளையார்குளம் ஊராட்சியின் கிராம சபையில், கேள்வி எழுப்பிய விவசாயி ஒருவரை ஊராட்சிச் செயலர் காலால் உதைத்த காட்சியைத் தமிழகம் முழுவதும் பார்த்தது. சட்டமன்ற உறுப்பினர் இருந்த கூட்டத்தில், எல்லோர் கண்முன்னும் அது நடந்தது. செயலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். காந்தி பிறந்த நாளில், அரசு கூட்டிய சபையில், சட்டப்படி தமக்குரிய கேள்வியைக் கேட்ட குடிமகனுக்கு அது நேர்ந்தது என்பதை இன்றைக்கும் என்னால் அமைதியாக நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஆனாலும் அந்த நிகழ்ச்சியிலேயே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த விவசாயிக்கு எழுந்து நிற்க ஒரு சபை இருந்தது. யாரோ ஒருவர் அதைக் கைப்பேசியில் பதிவு செய்தார். பதிவு வெளியே வந்ததால் நடவடிக்கை வந்தது. சபையும் பதிவும் இருந்ததால்தான் அநீதி வெளியில் தெரிந்தது. இரண்டில் ஒன்று இல்லாமல் போயிருந்தால் அது அந்த ஊரின் எல்லைக்குள்ளேயே பேச்சாகிப் புதைந்திருக்கும். பரந்தூர் விமான நிலையத் திட்டத்தை எதிர்க்கும் ஏகனாபுரம் மக்களும், மேலூர் வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்த அரிட்டாபட்டி மக்களும் தங்கள் எதிர்ப்பைத் தீர்மானமாக்கியது தங்கள் கிராம சபையில்தான். அங்கே நிறைவேறிய தீர்மானம் ஒரு தாளில் எழுதப்பட்டு, தலைமைச் செயலகம் வரை போய்ச் சேரக்கூடிய ஆவணமாகிறது. நகரத்துக் குடியிருப்பு ஒன்றின் நடுவே குப்பை எரிக்கும் ஆலையோ, கழிவுநீரேற்று நிலையமோ வரப்போகிறது என்றால் அங்குள்ளவர்களுக்குத் தெருவில் நின்று முழங்குவதைத் தவிர முறையான வழி எது?

வழியே இல்லை என்று சொன்னால் அரசு மறுக்கும். வார்டின் ஒவ்வொரு பகுதியிலும் வாக்காளர்கள் கூடிப் பேசும் பகுதி சபை இருக்கிறதே என்று சுட்டிக்காட்டும். ஏரியா சபை என்று மக்கள் சொல்லும் அந்த அமைப்பின் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வார்டு குழுவுக்கும் பகுதி சபைக்கும் வழிசெய்யும் சட்டத் திருத்தம் தமிழ்நாட்டில் 2010 இலேயே வந்துவிட்டது. மத்திய அரசின் நகர்ப்புற மேம்பாட்டு நிதியைப் பெற அது ஒரு நிபந்தனையாக இருந்ததால் சட்டம் விரைவாக வந்தது. அதை நடைமுறைப்படுத்தும் விதிகள் 2022 ஜூனில்தான் வந்தன. நடுவில் பன்னிரண்டு ஆண்டுகள். அந்தப் பன்னிரண்டிலும் 2016 அக்டோபரிலிருந்து 2022 தொடக்கம் வரை நகர்ப்புற உள்ளாட்சிகளுக்குத் தேர்தலே நடக்கவில்லை. தனி அலுவலர்கள் நிர்வகித்தார்கள். கேள்வி கேட்பதற்கு கவுன்சிலரே இல்லாமல் ஐந்தாண்டுக்கும் மேல் போனது. சாலை போடப்பட்டது, வெட்டப்பட்டது, மீண்டும் போடப்பட்டது. யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் மக்கள் இருந்தார்கள்.

2022 பிப்ரவரி 19 அன்று 21 மாநகராட்சிகள், 138 நகராட்சிகள், 490 பேரூராட்சிகளில் 12,838 வார்டுகளுக்கான தேர்தல் அறிவிக்கப்பட்டு நடந்து, கவுன்சிலர்கள் வந்தார்கள். அவ்வாண்டு நவம்பர் 1 அன்று முதல் முறையாகப் பகுதி சபைகள் கூடின. தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின் தாமே கலந்துகொண்டு மக்கள் சொன்னதைக் கேட்டார். நான் அதை மனதார வரவேற்றேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது சபை கூட வேண்டும் என்ற ஏற்பாடும், பெரிய நகரங்களில் ஒரு வார்டையே பல பகுதிகளாகப் பிரித்து, நாலைந்து தெருக்காரர்கள் முகம் பார்த்துப் பேசும் அளவுக்குச் சபையைச் சிறிதாக்கியதும் நல்ல யோசனைகள். 200 வார்டுகள் கொண்ட சென்னை போன்ற நகரத்தில் வார்டு என்பதே ஒரு சிறு நகராட்சி அளவுக்கு இருக்கும்போது, இந்தப் பிரிப்பு இல்லாமல் எந்த உரையாடலும் நடக்காது.

குறை எங்கே என்றால், கேள்வி கேட்கப்பட வேண்டியவரின் கையிலேயே சபையின் கடிவாளம் கொடுக்கப்பட்டிருக்கிறது. வார்டு குழுவுக்குத் தலைவர் அந்த வார்டின் கவுன்சிலர். குழுவில் இடம்பெறும் பகுதிப் பிரதிநிதிகளை வாக்காளர்கள் தேர்ந்தெடுப்பதில்லை, மன்றம் நியமிக்கிறது. கவுன்சிலரின் கட்சிக்காரர்களும் உறவினர்களும் அந்த இடங்களை நிரப்புகிறார்கள் என்ற குற்றச்சாட்டு எழும்போது, அது எல்லா ஊர்களுக்கும் பொருந்துமா என்பது வேறு விஷயம். அப்படி நடந்தால் தடுக்கும் ஏற்பாடு விதியில் இல்லை என்பதே என் கவலை. கூட்டம் எந்த நாளில், எந்த மண்டபத்தில் என்பது பல வார்டுகளில் கூட்டம் முடிந்த பிறகு படமாகத்தான் மக்களுக்குத் தெரிகிறது. கேட்கப்பட்ட கேள்விகளுக்கு என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்ற அறிக்கை அடுத்த கூட்டத்தில் வாசிக்கப்படுவதை நான் பார்த்ததில்லை. நண்பர்கள் சிலரும் அதையே சொல்கிறார்கள்.

மன்றக் கூட்டத்தின் நிலை இன்னும் வேறு. நகர்மன்றக் கூட்டங்களைப் பொதுமக்கள் பார்க்கலாம் என்பது பழைய நகராட்சிச் சட்டங்களின் காலத்திலிருந்தே உள்ள ஏற்பாடு. பார்க்கலாம், அவ்வளவுதான். நான் குடியிருக்கும் நகராட்சியில், அதன் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, ஒரு கூட்டத்தைப் பார்க்கப் போயிருந்தேன். விவாதத்துக்கு வரும் பொருளின் எண் வாசிக்கப்படும். 'ஒப்புதல்' என்று இரண்டு மூன்று குரல்கள் வரும். அடுத்த பொருள் எண் வாசிக்கப்படும். ஒரு தெருவின் மழைநீர் வடிகால் பணிக்குக் கூடுதல் தொகை ஒதுக்கும் பொருள் வந்தபோது, அந்தத் தெருவிலேயே குடியிருக்கும் பெரியவர் ஒருவர் எழுந்து, "அந்த வேலை பாதியிலே நிக்குதுங்களே, எதுக்குக் கூடுதல் பணம்?" என்று கேட்டார். பொதுமக்கள் பேச அனுமதி இல்லை என்று அவரை உட்காரச் சொன்னார்கள். விதிப்படி அது சரிதான். ஆனால் அந்த அறையில் அந்த வேலையைத் தினமும் கண்ணால் பார்ப்பவர் அவர் ஒருவர் மட்டுமே. அவர் கேட்ட கேள்வியை மன்ற உறுப்பினர்களில் ஒருவராவது தம் கேள்வியாக எடுத்துக் கேட்டிருக்கலாம், யாரும் கேட்கவில்லை. தொகை ஒதுக்கப்பட்டது.

மனு கொடுக்கலாமே என்பார்கள். திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது, தொலைபேசியில் புகார் சொல்ல எண் இருக்கிறது, அவ்வப்போது முகாம்கள் நடத்துகிறார்கள். இவை எல்லாம் பயனுள்ளவை. பலருக்கு முதியோர் உதவித்தொகையும் பட்டாவும் கிடைத்தது இவற்றால்தான். ஆனால் மனு கொடுப்பவர் உதவி கேட்டுச் செல்கிறார். கொடுப்பவர் மேலே, கேட்பவர் கீழே என்ற அமைப்பிலேயே அது நடக்கிறது. மனுவுக்குக் கிடைப்பது ஒப்புகைச் சீட்டு. பிறகு 'உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டது' என்ற குறுஞ்செய்தி. அதைத் தனி ஒருவர் தனியாகக் கொடுக்கிறார், தனியாகவே பதிலுக்குக் காத்திருக்கிறார். சபையில் கேட்கும் கேள்வியோ ஊருக்கு முன்னால் கேட்கப்படுகிறது. அண்டை வீட்டுக்காரர் அதைக் கேட்டு, தமக்குத் தெரிந்ததைச் சேர்த்துச் சொல்கிறார். பதில் சொல்பவர் தாம் சொன்னதை ஐம்பது பேர் நினைவில் வைத்திருப்பார்கள் என்று தெரிந்தே சொல்கிறார். பொதுப் பணத்தைச் செலவிடும் பொறுப்பில் இருப்பவர் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர் என்ற உறவு அங்கேதான் நிலைபெறுகிறது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். 2005 ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தைப் பயன்படுத்திப் பத்து ரூபாய் கட்டணத்தில், 30 நாட்களுக்குள், ஒரு சாலையின் மதிப்பீட்டு நகலையும் செய்த வேலையின் அளவைக் குறித்து வைக்கும் அளவுப் புத்தகத்தின் பக்கங்களையும் பெற்றுவிடலாம். கிடைக்கவில்லை என்றால் மேல்முறையீடு செய்யலாம். அருமையான சட்டம் அது. ஆயினும் அதன்படி பதில் தருபவர் பொதுத் தகவல் அலுவலர். அவர் தம்மிடம் உள்ள தாளைத் தருவார். அந்தத் தெருவுக்கு முன்பாக இந்தத் தெருவுக்கு ஏன் சாலை போடத் தீர்மானித்தீர்கள், பாதாளச் சாக்கடைக்குத் தோண்டப் போகிறார்கள் என்று தெரிந்தும் ஆறு மாதத்துக்கு முன் ஏன் தார் போட ஒப்புக்கொண்டீர்கள் என்ற கேள்விகளுக்கு அவரிடம் பதில் இருக்காது; இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. முடிவெடுத்தவர் மக்கள் பிரதிநிதி. ஏன் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான், அவர் மட்டும்தான்.

2022 இல் சொத்து வரி உயர்த்தப்பட்டதை நினைத்துப் பாருங்கள். கட்டடத்தின் பரப்பளவையும் ஊரையும் பொறுத்து குடியிருப்புகளுக்கு 25 விழுக்காட்டிலிருந்து 150 விழுக்காடு வரை வரி கூடியது. உள்ளாட்சிகளுக்கு வருவாய் வேண்டும், நீண்ட காலமாக வரி சீரமைக்கப்படவில்லை என்ற நியாயத்தை நான் ஏற்கிறேன். மன்றங்கள் அதற்குத் தீர்மானம் போட்டன. புதிதாகப் பதவியேற்ற கவுன்சிலர்கள் பலருக்கு முதல் சில கூட்டங்களிலேயே அந்தப் பொருள் வந்தது. தம் வார்டில் எத்தனை வீடுகள் எந்த அடுக்கில் வருகின்றன, கூடுதலாக வரும் தொகையில் இந்த வார்டுக்கு என்ன திரும்பி வரும் என்று வாக்காளர் கேட்டிருந்தால், கவுன்சிலரும் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருப்பார். வரி உயர்வுக்கு மக்களின் ஒப்புதல் கிடைத்திருக்குமோ இல்லையோ, காரணமாவது அவர்களுக்குப் புரிந்திருக்கும்.

கேள்வி உரிமையால் நன்மை பெறப்போகிறவர்களில் நேர்மையான கவுன்சிலர்கள் முதலிடத்தில் இருப்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நம் உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டவை. மிகத் திறமையாகச் செயல்படும் பெண் கவுன்சிலர்களை நான் அறிவேன். ஆனால் பல வார்டுகளில் கவுன்சிலரைத் தேடிப் போனால் அவருடைய கணவர் வந்து பேசுகிறார். ஒப்பந்தக்காரரும் அவரைத்தான் பார்க்கிறார், பொறியாளரும் அவரைத்தான் அழைக்கிறார். மக்களின் கேள்விக்கு மன்றத்தில் உறுப்பினர்தாம் எழுந்து பதில் சொல்ல வேண்டும், வேறு யாரும் சொல்லக் கூடாது என்று விதி இருந்தால், அந்தப் பெண்ணுக்குக் கோப்பைப் படிக்கவும் பொறியாளரிடம் விளக்கம் கேட்கவும் ஒரு காரணம் கிடைக்கும். 'நாளைக்கு நான்தானே பதில் சொல்ல வேண்டும்' என்று வீட்டிலும் சொல்ல முடியும். தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கு அவருடைய பதவியைத் திரும்பப் பெற்றுத் தருவதில் மக்களின் கேள்விக்கு இப்படியும் ஒரு பங்கு உண்டு.

அதேபோல் மாநகராட்சி உறுப்பினருக்கு மாதம் 10,000 ரூபாய், நகராட்சி உறுப்பினருக்கு 5,000, பேரூராட்சி உறுப்பினருக்கு 2,500 என்று 2023 இல் மதிப்பூதியம் அறிவிக்கப்பட்டது. அது பெரிய தொகை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்தச் சிறு தொகையில், நள்ளிரவில் வீட்டுக்குள் சாக்கடை நீர் புகுந்தது என்று அழைப்பு வந்தாலும் ஓடி வரும் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். தம் வார்டுக்கு நிதி ஏன் வரவில்லை என்பதை மக்கள் முன்னிலையில் மேயரிடமும் ஆணையரிடமும் கேட்க வைப்பது அவர்களுக்கும் பலம். ஏனென்றால் அதிகாரத்தின் பெரும் பகுதி கவுன்சிலரிடம் இல்லை, ஆணையரிடமும் துறையிடமும் இருக்கிறது என்ற உண்மையையும் மக்கள் அப்போதுதான் தெரிந்துகொள்வார்கள்.

கூட்டம் கூச்சலாகிவிடும், எதிர்க்கட்சியினர் பொதுமக்கள் போர்வையில் வந்து இடையூறு செய்வார்கள் என்ற அச்சம் நியாயமற்றது அல்ல. இப்போதே சில மன்றங்களில் நாற்காலி பறப்பதைச் செய்திகளில் பார்க்கிறோம். அதைச் செய்பவர்கள் பொதுமக்கள் இல்லை என்பதை மட்டும் சொல்லிவிட்டு மேலே போகிறேன். அச்சத்துக்கு மருந்து ஒழுங்கான நடைமுறை. இங்கிலாந்தில் உள்ளாட்சிக் கூட்டங்களுக்குள் பொதுமக்களும் பத்திரிகையாளரும் நுழையும் உரிமையை 1960 ஆம் ஆண்டுச் சட்டம் உறுதி செய்தது. பின்னாளில் பிரதமரான மார்கரெட் தாட்சர் புதிய உறுப்பினராகக் கொண்டுவந்த தனிநபர் மசோதா அது. கூட்டத்தைப் படம்பிடிக்கவும் ஒலிப்பதிவு செய்யவும் 2014 இல் அங்கே விதி வந்தது. பொதுமக்கள் கேள்வி நேரத்தைப் பல மன்றங்கள் தங்கள் கூட்ட நடைமுறை விதிகளான நிலையாணைகளில் வைத்திருக்கின்றன: கேள்வியைச் சில நாள் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும், மன்றத்தின் பணிக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும், பதிலைக் கேட்டபின் ஒரு துணைக்கேள்வி கேட்கலாம், மொத்தத்துக்கும் நேர வரம்பு உண்டு. அங்கேயும் மன்றம் விரும்பினால் குறைத்துவிடக்கூடிய உரிமையாகவே அது பெரும்பாலும் இருக்கிறது. அந்தப் பலவீனத்தை நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இங்கிலாந்து தொலைவு என்றால், கேரளம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே ஊராட்சியின் ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு கிராம சபை. அதைக் கூட்ட வேண்டியது அந்த வார்டின் உறுப்பினருடைய கடமை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்ற கணக்கில் தொடர்ந்து இரண்டு தவணை கூட்டத் தவறினால் அவர் உறுப்பினர் பதவியையே இழக்கும் வகையில் 1994 ஆம் ஆண்டின் கேரள ஊராட்சிச் சட்டம் எழுதப்பட்டிருக்கிறது. நகராட்சிகளிலும் வார்டு சபைக்கு அங்கே சட்டத்தில் இடம் உண்டு. பதவி போகும் என்று எழுதி வைத்தால் கூட்டம் நடக்கிறது. நம் பகுதி சபைக்கு அப்படி ஒரு வரியைச் சேர்ப்பதில் எந்த நிர்வாகச் சிக்கலும் இல்லை. துணிவு மட்டும் வேண்டும்.

இதை இப்போது வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் மாநகராட்சிகளின் எண்ணிக்கை 25 ஆகிவிட்டது. சுற்றியுள்ள ஊராட்சிகளை நகர்ப்புற உள்ளாட்சிகளோடு இணைக்கும் அறிவிப்புகள் அண்மை ஆண்டுகளில் அடுத்தடுத்து வந்தன. பல ஊர்களில் மக்கள் கிராம சபையிலேயே எதிர்ப்புத் தீர்மானம் போட்டார்கள். நூறு நாள் வேலை போய்விடும், வரி கூடிவிடும் என்பன அவர்கள் சொன்ன காரணங்கள். அவர்கள் அதிகம் பேசாத இழப்பு ஒன்று உண்டு: இணைப்புக்குப் பிறகு, அந்த எதிர்ப்பைப் பதிவு செய்த சபையே அவர்களுக்கு இருக்காது. ஒரு அரசாணையின் மூலம் ஒரு ஊரின் வாக்காளர்கள் அனைவரும் அரசமைப்புச் சட்டம் தந்த சபை உறுப்பினர் தகுதியை இழக்கிறார்கள். அதற்கு ஈடாகத் தருவது, யாரோ நியமிக்கும் பிரதிநிதிகளைக் கொண்ட குழு. சாலை அகலமாகும், விளக்கு வரும் என்று சொல்லி இதை ஈடுகட்ட முடியாது.

ஆகவே நகராட்சி நிர்வாகத் துறையிடம் நான் கோருவது இதுதான். 2023 இல் நடைமுறைக்கு வந்த நகர்ப்புற உள்ளாட்சி விதிகளில் திருத்தம் செய்து, சாதாரண மன்றக் கூட்டம் ஒவ்வொன்றிலும் முதல் அரை மணி நேரத்தை வாக்காளர் கேள்விகளுக்கு ஒதுக்க வேண்டும். கேள்விகளை மூன்று நாட்களுக்கு முன்பு எழுத்தில் பெறலாம்; எழுதத் தெரியாதவர் வாய்மொழியாகச் சொன்னால் அலுவலகம் எழுதிக்கொள்ள வேண்டும், இதை விட்டுவிட்டால் கேள்வி உரிமை படித்தவர்களின் உரிமையாகிவிடும். எந்தக் கேள்வியை நிராகரித்தாலும் காரணத்தை எழுதித் தர வேண்டும். கேள்வியும் பதிலும் நடவடிக்கைக் குறிப்பில் ஏற வேண்டும். அந்தக் குறிப்பு அலுவலக அறிவிப்புப் பலகையிலும் வார்டு அலுவலகத்திலும் வைக்கப்பட வேண்டும். அடுத்த கூட்டத்தின் முதல் பொருளே, சென்ற முறை அளித்த வாக்குறுதிகள் என்ன ஆயின என்பதாக இருக்க வேண்டும். கூட்டத்தைக் கைப்பேசியில் பதிவு செய்வதை யாரும் தடுக்கக் கூடாது. பகுதிப் பிரதிநிதிகளை அந்தப் பகுதி வாக்காளர்களே கைதூக்கியோ சீட்டெழுதியோ தேர்ந்தெடுக்கட்டும். கவுன்சிலர் பகுதி சபைக்கு வந்து பதில் சொல்லட்டும்; தலைமை தாங்குவதை வேறொருவருக்கு விட்டுவிடட்டும். இவற்றில் எதற்கும் தனி நிதி தேவையில்லை.

இப்போதுள்ள நகர்ப்புற மன்றங்கள் 2022 மார்ச்சில் பதவியேற்றவை. ஐந்தாண்டுதான் அவற்றின் ஆயுள். மீண்டும் ஒரு முறை தேர்தல் தள்ளிப்போய்த் தனி அலுவலர் காலம் வந்தால், இன்றைக்கு இருக்கும் அரைகுறைப் பழக்கமும் விட்டுப்போகும். 2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரியோடு பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தபோது, அங்கே கிராம சபை கூடிக்கொண்டாவது இருந்தது. நகரத்தில் அதுவும் இருக்காது. எனவே தேர்தலுக்கு முன்பே விதி மாற வேண்டும். அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருபவர்களிடம், மன்றத்தில் எங்கள் கேள்விக்குப் பதில் சொல்வீர்களா, பகுதி சபையைத் தவறாமல் கூட்டுவீர்களா என்று கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிவைக்குமாறு குடியிருப்போர் நலச் சங்கங்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். மன்றக் கூட்டம் முடிந்த மறுநாள் வெளிநடப்பு, அமளி என்று செய்தி வருகிறது. கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னதாக, எந்தெந்தப் பொருள்கள் விவாதத்துக்கு வருகின்றன, எந்த வார்டின் பகுதி சபை எந்த நாளில் எந்த இடத்தில் கூடுகிறது என்பதை உள்ளூர்ப் பக்கத்தில் சிறு கட்டமாகத் தொடர்ந்து வெளியிடுங்கள். தேதியும் இடமும் தெரிந்தால் வருவதற்கு மக்கள் தயாராகவே இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
நகராட்சி வாக்காளர் ஒருவர்